தண்ணிக்கு முறை வைக்கிறோம், காகிதத்துக்கு?



ஆலங்குடியிலிருந்து கிழக்கே வடகாடு, நெடுவாசல் பக்கம் வந்தவர்களுக்கு எங்கள் பூமியைத் தெரியும். செம்மண். ஆறு கிடையாது. போர்த் தண்ணியை நம்பித்தான் கடலை, வாழை, தென்னை, பலா, பூ எல்லாம். விடியக்காலையில் பறித்த பூ கீரமங்கலம் மார்க்கெட்டுக்குப் போகும். பலா சீசனில் வடகாட்டுச் சாலையோரம் பழம் குவிந்து கிடக்கும். நிலத்தடித் தண்ணி கெட்டுப்போனால் எங்களுக்கு வேறு தண்ணி இல்லை. இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2017 பிப்ரவரி 15-ஆம் தேதி டெல்லியில் மத்திய அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு கூடியது. 'கண்டறியப்பட்ட சிறு வயல்கள்' என்ற திட்டத்தில் 31 ஒப்பந்தப் பகுதிகளை எண்ணெய், எரிவாயு எடுக்கக் கொடுப்பதற்கு ஒப்புதல் தந்தது. அந்தப் பட்டியலில் ஆலங்குடி வட்டத்து நெடுவாசலும் இருந்தது. ஊர்க்காரர்களுக்குச் சேதி தெரிந்தது தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும்தான். எந்த அதிகாரியும் வந்து 'உங்க ஊருல இப்படி ஒண்ணு வரப்போகுது, என்ன சொல்றீங்க?' என்று கேட்கவில்லை.

மறுநாளே, பிப்ரவரி 16-ல் போராட்டம் தொடங்கியது. மார்ச் 9 வரை 22 நாள் நடந்தது. அரசுத் தரப்பு வாக்குறுதிகளை நம்பித் தற்காலிகமாக நிறுத்தினார்கள். மார்ச் 27-ஆம் தேதி டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரல் 12-ல் மறுபடியும் உட்கார்ந்தார்கள். இந்த முறை 174 நாள், அக்டோபர் வரை.

இரண்டையும் கூட்டினால் 196 நாள். கடலை 105 நாள் பயிர். ஒரு கடலையைப் போட்டுப் பிடுங்கி, மறு கடலையையும் கிட்டத்தட்டப் பிடுங்கும் பருவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். அத்தனை நாளையும் பெண்கள், பெரியவர்கள், பள்ளிப் பிள்ளைகள் பந்தலில் கழித்தார்கள். களை எடுக்காமல் போன கொல்லை, நேரத்துக்குத் தண்ணி கட்டாமல் காய்ந்த வாழை, விட்டுப்போன கூலி, இதையெல்லாம் யாரும் கணக்கில் எழுதவில்லை.

போராட்டம் வீணாகவில்லை. மாநில அரசு குத்தகை உரிமத்தை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவில்லை. ஏலம் எடுத்த நிறுவனமே மாற்று இடம் கேட்கும் நிலை வந்தது. நெடுவாசலில் புதுக் கிணறு தோண்டப்படவில்லை. இது பெரிய வெற்றி. அந்தப் பந்தலில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் ஒரு கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. கேட்டிருந்தால் ஒரே நாளில் சொல்லி முடித்திருக்கக்கூடிய பதிலைச் சொல்வதற்கு ஏன் 196 நாள் ஆனது? அடுத்த முறையும் இப்படித்தான் ஆகவேண்டுமா?

அடுப்புக்கு மூணு கல்

1992-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் உலக நாடுகள் கூடி ஒரு பிரகடனம் செய்தன. இந்தியாவும் அதில் உண்டு. அதன் 10-ஆவது கோட்பாடு நமக்கு முக்கியம். அதன் சாரம் இது: சுற்றுச்சூழல் விவகாரத்தில் முடிவெடுக்கும்போது சம்பந்தப்பட்ட மக்களுக்கு மூன்று விஷயம் கிடைக்கவேண்டும். ஒன்று, தகவல். இரண்டு, முடிவெடுப்பதில் பங்கு. மூன்று, தவறு நடந்தால் நீதி கேட்க வழி.

அடுப்புக்கு மூணு கல் மாதிரி இது. ஒரு கல் இல்லாவிட்டாலும் பானை நிற்காது. தகவல் தெரியாமல் கூட்டத்துக்குப் போனால் என்ன பேசுவது? பேச இடமில்லாமல் தகவல் மட்டும் தெரிந்து என்ன பயன்? பேசியதை மதிக்காதபோது கேட்க நீதிமன்றம் இல்லாவிட்டால் பேசியது காற்றோடு போகும்.

ஐரோப்பிய நாடுகள் இதை 1998-ல் ஆர்ஹுஸ் உடன்படிக்கை என்று சட்டமாக்கிக்கொண்டன. லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகள் 2018-ல் எஸ்காசு ஒப்பந்தம் போட்டன. 2021-ல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா இந்த இரண்டிலும் இல்லை. ஆனாலும் நம் நாட்டுச் சட்டங்களிலேயே மூணு கல்லும் இருக்கின்றன. தகவலுக்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பங்கேற்புக்கு 2006 செப்டம்பர் 14-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. நீதிக்கு 2010-ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம். இதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

கல் இருக்கிறது. ஆனால் ஒன்று ஆடுகிறது, ஒன்று நமக்குத் தெரியாத இடத்தில் கிடக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

கேட்கும் முறை வருவது கடைசியில்

நெடுவாசலில் நடந்த வரிசையைப் பாருங்கள். முதலில் இடத்தைக் குறித்தார்கள். பிறகு ஏலம் விட்டார்கள். பிறகு அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. பிறகு ஒப்பந்தம். அதற்குப் பிறகுதான் சுற்றுச்சூழல் அனுமதி, மக்கள் கருத்துக் கேட்பு எல்லாம் வரவேண்டும். அதாவது நிலத்தை விற்று, கிரயமும் பேசி, முன்பணமும் கைமாறிய பிறகு, 'உங்க நிலத்தைக் கொடுக்கிறீங்களா?' என்று நிலத்துக்காரரிடம் கேட்பது மாதிரி.

அந்தக் கடைசிப் படியிலும் 2020-ல் கை வைத்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2006 அறிவிக்கையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. நிலத்திலும் கடலிலும் எண்ணெய், எரிவாயு 'ஆய்வு' செய்யும் திட்டங்கள் அதுவரை 'ஏ' வகையில் இருந்தன. அவற்றைப் 'பி-2' வகைக்கு இறக்கினார்கள். 'பி-2' என்றால் விரிவான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தேவையில்லை, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் தேவையில்லை. மாநில அளவிலான ஆணையமே அனுமதி தந்துவிடலாம்.

எண்ணெய், எரிவாயுவை வணிக அளவில் எடுப்பதற்கு இன்றும் கருத்துக் கேட்பு உண்டு. ஆனால் ஆய்வுக் கிணறு தோண்டி, பல நூறு மீட்டர் துளைத்து, கழிவுத் தொட்டி கட்டிய பிறகு கேட்கும் கேள்விக்கு என்ன மதிப்பு? எங்கள் பக்கம் நல்லாண்டார்கொல்லை, வடகாடு, கோட்டைக்காடு, வாணக்கன்காடு, கருக்காக்குறிச்சி பகுதிகளில் முன்பே இப்படி ஆய்வுக் கிணறு தோண்டிப் பார்த்த அனுபவம் உண்டு. ஆய்வு என்பது வெறும் ஆய்வு இல்லை என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதன் விளைவை 2025-ல் பார்த்தோம். இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. கருத்துக் கேட்பு கிடையாது. மாதங்கள் கழித்துத்தான் சேதி வெளியே வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே ஆணையத்துக்கு அறிவுறுத்தியது. இங்கேயும் அதே கதைதான்: முதலில் அனுமதி, பிறகு சேதி, பிறகு கூச்சல், பிறகு பின்வாங்கல். 'முன்னாடியே கேட்போம்' என்ற படி மட்டும் எங்கேயும் இல்லை.

பாதுகாக்கப்பட்ட மண்டலம் இருக்கே?

இதைச் சொன்னால் பலரும் கேட்கிற கேள்வி இது. 'அதான் வேளாண் மண்டலச் சட்டம் வந்திருச்சே, இனி என்ன பயம்?'

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்தது உண்மை. புதுக்கோட்டை மாவட்டத்தில் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி ஆகிய 5 ஒன்றியங்கள் அதில் வருகின்றன. நெடுவாசலும் திருவரங்குளம் ஒன்றியம்தான். எண்ணெய், எரிவாயு, மீத்தேன், பாறை எரிவாயு ஆய்வுக்கும் எடுப்புக்கும் இந்தப் பகுதிகளில் புதிதாக அனுமதி கிடையாது. நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்கள் இல்லாமல் இந்தச் சட்டம் வந்திருக்காது. அதற்கு முன்பு மீத்தேன் எதிர்ப்பில் ஊர் ஊராக நடந்து, அந்தப் பரப்புரையின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30-ஆம் தேதி பட்டுக்கோட்டை பக்கத்து அத்திவெட்டியில் கண்மூடிய நம்மாழ்வார் ஐயாவின் உழைப்பும் இதில் இருக்கிறது.

ஆனால் மூன்று விஷயத்தை மறக்கக்கூடாது.

முதலாவது, ஏற்கெனவே நடந்துவரும் திட்டங்களை இந்தச் சட்டம் தொடாது. இரண்டாவது, சட்டம் வந்து ஒன்றரை வருடம் ஆவதற்குள், 2021 ஜூனில், மத்திய அரசின் மூன்றாம் சுற்று ஏலப் பட்டியலில் நம் மாவட்டத்து வடத்தெரு பகுதி இடம்பெற்றது. அதைக் கைவிடச் சொல்லி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதவேண்டி வந்தது. வேலி போட்டிருந்தாலும் மாடு வேலிப் பக்கம் வராமல் இருக்காது. மூன்றாவது, பிப்ரவரி 9-ல் அறிவிப்பு, 20-ல் சட்டமன்றத்தில் நிறைவேற்றம் என்று 11 நாளில் முடிந்துபோன இந்த நல்ல சட்டத்திலும் நம்மிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்ததைக் கேட்காமல் திருத்தவும் முடியும்.

இந்த 5 ஒன்றியங்களுக்கு வெளியே இருக்கிற நம் சொந்தங்களுக்கோ அந்த வேலியும் இல்லை. கல்குவாரி, கிராவல், ஆலைக் கழிவு என்று அவர்களுக்கு வேறு வேறு தலைவலி. அதனால் இது எரிவாயு கதை மட்டும் இல்லை.

எனக்குக் கிடைத்த பாடம்

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் உறவுக்காரர் ஊரில் ஒரு கல்குவாரிக்கு அனுமதி வந்தது. வண்டிப்பாதையை அகலப்படுத்த ஆள் வந்தபோதுதான் ஊருக்கே தெரிந்தது. நாலு பேர் சேர்ந்து காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: 'அனுமதி எந்தத் தேதியில வந்துச்சு?' பார்த்துச் சொன்னோம். விரலை மடக்கி எண்ணினார். ஐந்து மாதம் ஆகியிருந்தது. கோப்பை மூடிவைத்துவிட்டார்.

அனுமதி விளம்பரம் நாங்கள் யாரும் வாங்காத ஒரு நாளிதழில் மூலையில் வந்திருக்கிறது. நகல் ஒன்று உள்ளாட்சி அலுவலகத்து அலமாரியில் கிடந்திருக்கிறது. சட்டப்படி எல்லாம் நடந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை. மொத்தம் 90. அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் தீர்ப்பாயம் நினைத்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது. பாதிப்பு வந்த பிறகு இழப்பீடு, சீரமைப்பு கேட்க 15-ஆவது பிரிவில் 5 ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் போர் வற்றிய பிறகு வாங்கும் இழப்பீடு யாருக்கு வேணும்?

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போதுதான் யோசித்தேன். வாய்க்கால் தண்ணிக்கு, கூட்டுக் கிணற்றுக்கு முறை வைத்திருக்கிறோம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துபோய் மடை திருப்புகிறோம். ஒரு மணி நேரம் தவறினால் சண்டை போடுகிறோம். 90 நாளில் கதவு மூடிவிடும் காகிதத்துக்கு மட்டும் யாரும் முறை வைக்கவில்லை.

காகிதத்துக்கு முறை: என்ன பார்க்கணும்?

ஊருக்கு ஐந்து பேர் போதும். படித்த பிள்ளைகள் இரண்டு பேர் கட்டாயம் இருக்கட்டும். வாரம் ஒருவர் முறை. பார்க்கவேண்டியது இவ்வளவுதான்:

ஒன்று, பரிவேஷ் இணையதளம். சுற்றுச்சூழல் அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்கள் மாநிலம், மாவட்ட வாரியாக இதில் ஏறும். கருத்துக் கேட்பு இல்லாத 'பி-2' திட்டமாக இருந்தாலும் விண்ணப்பம் இங்கே வந்தாகவேண்டும். நம் வட்டம், நம் ஊர்ப் பேர், புல எண் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் கண்ணில் பட்டவுடனே மாநில ஆணையத்துக்கு எழுத்தில் ஆட்சேபணை அனுப்புங்கள். கூட்டம் போட்டுக் கேட்கவில்லை என்பதால் நாம் எழுதக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு, நாளிதழ் அறிவிப்பு. கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் கொடுக்கவேண்டும். டீக்கடை பேப்பரிலேயே பார்த்துவிடலாம். படம் எடுத்து ஊர்க் குழுவில் போடுங்கள்.

மூன்று, ஊராட்சி அலுவலகத் தபால். அனுமதி பெற்ற நிறுவனம் அதன் நகலை உள்ளாட்சி அமைப்புகளுக்கு அனுப்பவேண்டும். மாதம் ஒரு தடவை போய், 'அண்ணே, ஏதாச்சும் அனுமதிக் கடிதம் வந்திருக்கா?' என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தரவேண்டும்.

அனுமதித் தேதி தெரிந்த அன்றைக்கே நாள்காட்டியில் 30-ஆவது நாளைச் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். இழப்பீடு கேட்காத மனுவுக்குப் பசுமைத் தீர்ப்பாயத்தில் கட்டணம் 1,000 ரூபாய்தான். பாதிக்கப்பட்டவர் தானே நேரில் வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பட்டா பெண்கள் பேரில் இருந்தால் அவர்கள் பேரிலேயே மனு போடுங்கள்.

கூட்டத்தில் என்ன பேசுவது?

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை ஏற்கவேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்கவேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு இதில் இல்லை. நாலு பேர் வந்தாலும் நடந்ததாக எழுதிவிடலாம். அதனால் 'போக மாட்டோம்' என்று புறக்கணிப்பது சில நேரம் நமக்கே வினையாகும். முடிவில் கூட்டக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். அதற்கு முன் எழுந்து போய்விடாதீர்கள். நாம் பேசியது அதில் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். பேசியதை எழுத்திலும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். எழுத்தில் இல்லாத பேச்சு தீர்ப்பாயத்தில் பேசாத பேச்சு.

கூட்டத்துக்கு முன்பே தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையைப் படிக்கவேண்டும். ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் போன்ற இடங்களில் வைத்திருப்பார்கள். தமிழ்ச் சுருக்கமும் இருக்கவேண்டும். நம் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். எத்தனை கிணறு, என்ன பயிர், கண்மாய் எங்கே, வீடு எவ்வளவு தூரத்தில்? நேரில் பார்க்காமல் எழுதிய அறிக்கை இந்த இடத்தில்தான் மாட்டும்.

இங்கேதான் இயற்கை உழவர்களான நம் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. சான்றிதழுக்காக நாம் பண்ணைக் குறிப்பேடு எழுதுகிறோம். என்ன விதைத்தோம், எந்தத் தேதி, எவ்வளவு விளைச்சல், எந்தப் புல எண், பக்கத்து நிலம் யாருடையது, தண்ணிப் பரிசோதனை முடிவு எல்லாம் அதில் இருக்கிறது. பங்கேற்பு உத்தரவாத முறையில் இருப்பவர்களுக்குக் குழு உறுப்பினர்கள் ஒருவர் பண்ணையை ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பதிவும் இருக்கிறது. அறிக்கை 'தரிசு' என்று சொல்லும் நிலத்தில் பத்து வருடமாகக் கடலையும் பலாவும் விளைவதை அந்த நோட்டு நிரூபிக்கும். அதைச் சான்றிதழுக்கு மட்டும் எழுதுகிற வேலையாகப் பார்க்காதீர்கள்; உங்கள் நிலத்தின் சாட்சி அது.

இன்னும் இரண்டு பதிவு சேருங்கள். உங்கள் போரில் தண்ணி எத்தனை அடியில் நிற்கிறது என்று கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று, வருடம் இரண்டு முறை எழுதுங்கள். தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவைக் கோப்பில் வையுங்கள். பின்னாளில் தண்ணி கெட்டால், முன்னாடி எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம். இரண்டாவது, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உயிர்ப் பல்வகைமை மேலாண்மைக் குழுவும் மக்கள் உயிர்ப் பல்வகைமைப் பதிவேடும் இருக்கவேண்டும். உங்கள் ஊர்ப் பலா வகை, மரபு விதைகள், குளத்துக்கு வரும் பறவைகள், மூலிகைகள் அதில் ஏறியிருக்கின்றனவா என்று கேளுங்கள். பதிவேட்டில் இல்லாததை 'இங்கே ஒண்ணும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம்.

கிராம சபைக்கு என்ன பலம்?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கிராம சபைத் தீர்மானம் போட்டால் மட்டும் ஒரு திட்டம் நின்றுவிடும் என்று நம் மாநிலச் சட்டத்தில் நேராக எழுதப்படவில்லை. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டுவது பற்றிக் கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18-ல் தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகள் கூடின. 12-ம் 'வேண்டாம்' என்றன. மத்திய அரசு அனுமதியை மறுத்தது. ஆனால் அந்த பலம் வன உரிமைச் சட்டத்தின் வழியாக அங்கிருந்த பழங்குடி மக்களுக்குக் கிடைத்தது. நம் பட்டா நிலத்து ஊர்களுக்கு அது அப்படியே பொருந்தாது.

அப்படியென்றால் தீர்மானம் எதற்கு? ஊரே கூடி, தேதி போட்டு, காரணம் சொல்லி மறுத்ததற்கு அதைவிடப் பெரிய ஆவணம் வேறு இல்லை. 'யாரும் ஆட்சேபிக்கவில்லை' என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. 'வேண்டாம்' என்று ஒரு வரியில் முடிக்காமல், எத்தனை போர், எத்தனை ஏக்கர், என்ன பயிர், எத்தனை குடும்பம் என்று காரணங்களை எழுதித் தீர்மானம் போடுங்கள். சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள்.

நீதிமன்றமும் 'மக்களைக் கேள்' என்று சொன்னது உண்டு. தூத்துக்குடியில் தாமிர ஆலை விரிவாக்கத்தைச் செய்யக்கூடாது, கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்திய பிறகே அனுமதியைப் பரிசீலிக்கவேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த உத்தரவின் தேதி 2018 மே 23. துப்பாக்கிச் சூடு நடந்தது அதற்கு முந்தின நாள். பல உயிர் போன மறுநாள், 'முதலில் மக்களைக் கேட்டிருக்கவேண்டும்' என்ற பொருளில் ஒரு உத்தரவு. காலத்தில் கேட்பது என்ற ஒன்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல?

தனியாப் போகாதீங்க

இதையும் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. 2025 ஜனவரியில் நம் மாவட்டத்துத் திருமயம் பக்கம், கல்குவாரி முறைகேடுகளை எதிர்த்துப் புகார் கொடுத்துவந்த ஒருவர் லாரி மோதி இறந்தார். கொலை வழக்கானது. குவாரிக்காரர்கள் உட்படச் சிலர் கைதானார்கள். அவர் நாம் மேலே சொன்ன அத்தனையும் செய்தவர். மனு கொடுத்தார், ஆதாரம் சேர்த்தார். அவருக்கு இல்லாமல் போனது பாதுகாப்பு.

எஸ்காசு ஒப்பந்தம் சூழல் காப்பாளர்களைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் வரவேண்டும் என்று உழவர் இயக்கங்கள் கேட்கவேண்டும். அது வரும் வரைக்கும் நம் கையில் இருப்பது ஒன்றுதான்: கூட்டம். எந்த மனுவும் ஒருவர் பேரில் போகக்கூடாது. ஐம்பது கையெழுத்து, நூறு கையெழுத்து. தகவல் உரிமை மனுவைக்கூட நாலு பேர் நாலு மனுவாகப் போடுங்கள். காகிதத்துக்கு முறை வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முறை மாறிக்கொண்டே இருந்தால் எதிராளிக்குக் குறிவைக்க ஒரு ஆள் கிடைக்கமாட்டார்.

போராட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெடுவாசல் பந்தல் இல்லாவிட்டால் இன்று இந்தக் கட்டுரையும் இல்லை. பந்தல் நம் கடைசி அரண். அதற்கு முன்னால் இருக்கிற மூன்று வாசலையும் பூட்டிக்கிடக்க விட்டுவிட்டு, ஒவ்வொரு தடவையும் கடைசி அரணுக்கே ஓடினால் எத்தனை கடலைப் பயிரை இழப்பது?

வருகிற கிராம சபைக்கு முன்னால் உங்கள் ஊரில் ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்காருங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் முறைக்காரர் பேர்களை எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் அவரவர் போரில் இன்றைக்குத் தண்ணி எத்தனை அடியில் நிற்கிறது என்று எழுதுங்கள். மடை திருப்பப் போகிற மாதிரி, இதற்கும் ஆள் தவறாமல் போகட்டும்.